180 வெள்ளி ‘கேமிங் கேலிபரேஷன்’: மீட்டர் இல்லாமல் வருபவரிடம் ரிமோட்டைக் கொடுக்காதீர்கள்

புது ஓஎல்இடி டிவி வாங்கும்போது ரசீதில் ‘கேமிங் கேலிபரேஷன்’ (விளையாட்டுக்கு ஏற்றபடி திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்வது) என்று ஒரு வரி சேர்ந்திருந்தால், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இந்த வரிக்கு 180 வெள்ளி, கூடவே ‘8கே கேபிள்’ 65 வெள்ளி.

கேலிபரேஷன் செய்ய வந்தவர் கையில் கைப்பேசி மட்டும்தான். யூடியூபில் கிளி, பழம், வாணவேடிக்கை என்று ஒரு டெமோ வீடியோவை ஓடவிட்டு, 12 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். முறையாகச் செய்பவர் நிறத்தை அளக்கும் கருவியான கலர்மீட்டரைத் திரைமேல் தொங்கவிட்டு அளப்பார். டிவி அரை மணி நேரமாவது ஓடி நிதானத்துக்கு வந்திருக்க வேண்டும். சாதாரணப் படமான எஸ்டிஆர், வெளிச்ச வீச்சு அதிகமான எச்டிஆர் இரண்டுக்கும் தனித்தனி அளவு உண்டு. முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் உங்கள் கைக்கு வரவேண்டும். வெறும் கண்ணை நம்பி வெள்ளையைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் கண் சில நிமிடங்களிலேயே நீலத்துக்கும் பழகிவிடும்.

அவர் போன பிறகு பிஎஸ்5 கேம் கன்சோல் செருகிய போர்ட்டில், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போய், நிறத்தைத் தூக்கிக்காட்டும் விவிட் வந்திருந்தது. அசைவை வழவழப்பாக்க இடையில் படங்களைச் சேர்க்கும் மோஷன் ஸ்மூதிங் ஆன், ஷார்ப்னஸ் உச்சம். பார்த்தவுடன் பளிச்சென்றுதான் இருக்கும், ஏமாறுவதும் அதில்தான். விளையாட உட்கார்ந்தால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும், பட்டனை அழுத்தியதும் ஆள் குதிக்க மாட்டான். மோஷன் ஸ்மூதிங் ஓடினால் சில டிவிகளில் பட்டனுக்கும் படத்துக்கும் இடையிலான தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டும்.

எல்லாவற்றையும்விட மோசம் கறுப்பு. டிவியில் பிளாக் லெவல் ‘லோ’, கன்சோலில் ஆர்ஜிபி ரேஞ்ச் ‘ஃபுல்’. கறுப்பை 0, வெள்ளையை 255 என்று வைத்து, கன்சோல் 0 முதல் 255 வரை அனுப்புகிறது. டிவியோ 16-க்குக் கீழே வருவதையெல்லாம் ஒரே கறுப்பாக்கிவிடுகிறது. குகைக்குள் நிற்கும் எதிரி கண்ணில் படவே மாட்டான். அதை மூடிமறைக்க பிரைட்னஸை வேறு ஏற்றியிருந்தார். ஓஎல்இடியின் கறுப்பு சாம்பலானதுதான் மிச்சம்.

சரிசெய்ய, கன்சோல் போர்ட்டில் கேம் மோட் வையுங்கள், எனர்ஜி சேவிங்கை அணையுங்கள். பிளாக் லெவல், ஆர்ஜிபி ரேஞ்ச் இரண்டும் ஆட்டோ. கலர் டெம்பரேச்சர் வார்ம் பக்கம். இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பிறகு பழகிவிடும். ஷார்ப்னஸ் எல்ஜி, சாம்சங்கில் 0-க்குப் பக்கம், சோனியில் 50தான் நடுநிலை. டோன் மேப்பிங்கில் (எச்டிஆர் வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் அமைப்பு) ‘எச்ஜிஐஜி’ (அந்த வேலையைக் கன்சோலிடமே விடும் தேர்வு) இருந்தால் அதை முதலில் போட்டுவிட்டு, பிறகு பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட், அட்ஜஸ்ட் எச்டிஆர் போங்கள். மூன்று திரைகளிலும் சின்னம் மறையும் தறுவாயில் நிறுத்துங்கள். வரிசை மாறினால் கன்சோல் டிவியின் உச்ச வெளிச்சத்தைத் தப்பாகக் கணக்குப் போடும், வானமும் மேகமும் வெளுத்துப்போகும்.

கேபிள் நிறத்தைக் கூட்டாது. கேபிள் சரியில்லையென்றால் திரையில் மினுமினுப்பு வரும், இல்லை படமே அறுந்துபோகும். பிஎஸ்5 பெட்டியிலேயே அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள் இருக்கிறது. 65 வெள்ளி தண்டம்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதாக இருந்தால் ரீசெட் பட்டனைத் தொடுமுன் ஒவ்வொரு மெனுவையும் படமெடுத்து வையுங்கள். அளவுத் தாளை எழுத்துமூலமாகவே கேளுங்கள். கடை மழுப்பினால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ (CASE) இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். இவ்வளவு சிறிய தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான்.