மோட்டார் கட்டுப்பாட்டுக்கு எந்த மைக்ரோகன்ட்ரோலர்? ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பொழுதுபோக்காக மோட்டார்களை இயக்கிப் பார்க்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கம்பிச்சுருள் சுற்றும் இயந்திரம், இரு சக்கரத்தில் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் ரோபோ, கேமராவை நகர்த்தும் தண்டவாளம், பிரஷ்லெஸ் மோட்டாருக்கான டிரைவர் போர்டு என்று ஒவ்வொன்றாகச் செய்ததில் நான்கைந்து வகை மைக்ரோகன்ட்ரோலர்களுடன், அதாவது நிரலை ஓட்டி மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிச் சிப்களுடன், நீண்ட நாள் பழகியிருக்கிறேன். புதிய சிப் ஒன்றைப் பற்றி இப்போது யாராவது சொன்னால் அதன் வேகத்தையோ நினைவகத்தையோ நான் கேட்பதில்லை. டேட்டாஷீட்டில் டைமர் (நேரத்தையும் துடிப்புகளையும் எண்ணும் உள் அலகு) பற்றிய பகுதியைத்தான் முதலில் திறக்கிறேன். மோட்டாருக்கான மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்கள் சிலவற்றைப் பலி கொடுத்த பிறகே இந்தப் பழக்கம் வந்தது.

பலரையும் போல ஆர்டுயினோ யூனோவில் தொடங்கினேன். அதிலுள்ள ஏ.டி.மெகா 328பி, 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8 பிட் சிப். சாதாரண பிரஷ் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அது தாராளமாகப் போதும். வழக்கமான அனலாக்ரைட் கட்டளை பெரும்பாலான பின்களில் ஏறத்தாழ 490 ஹெர்ட்ஸ் பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் துடிப்புகள்) தருவதால் மோட்டார் ஓயாமல் ரீங்காரமிடும். டைமர் 1 ரெஜிஸ்டர்களை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களை) நேரடியாக மாற்றி 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் அந்தச் சத்தம் காதுக்கு எட்டாது.

சிக்கல், தண்டு சுழல்வதைத் துடிப்புகளாகத் தெரிவிக்கும் என்கோடரில் வந்தது. சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடரின் இரு சிக்னல்களிலும் ஏற்றம், இறக்கம் இரண்டையும் எண்ணினால் சுற்றுக்கு 2,400 எண்ணிக்கை வரும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 1,20,000. இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே கிடைப்பது எட்டு மைக்ரோ நொடிச் சொச்சம், அதாவது அந்தச் சிப்புக்கு 133 கிளாக் சுழற்சிகள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நடக்கும் வேலையை நிறுத்தி இன்டரப்டுக்குள் நுழைந்து, ரெஜிஸ்டர்களைச் சேமித்து, எண்ணிவிட்டு வெளியே வருவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும், மிஞ்சியதில் பி.ஐ.டி. கணக்கும் (இலக்கிலிருந்து விலகுவதைத் திருத்தும் கணக்கு) சீரியல் தொடர்பும் நடந்தாக வேண்டும். ஆயிரம் சுற்று முடிந்ததாக என் இயந்திரம் காட்டிய சுருள் ஒன்றைச் சந்தேகப்பட்டுப் பிரித்து எண்ணிய அன்று, இயந்திரம் கணக்கில் விட்ட சுற்றுகள் அனைத்தும் கம்பியாகக் கையில் கிடந்தன.

அடுத்து வந்த எஸ்.டி.எம். 32எஃப் 103, அதாவது 'புளூ பில்' என்று அழைக்கப்படும் சிறிய போர்டு, இந்தக் கவலையை ஒரே நாளில் தீர்த்தது. அதன் டைமரை என்கோடர் முறையில் வைத்துவிட்டால் எண்ணும் வேலையை ஹார்டுவேரே பார்த்துக்கொள்ளும். எண்ணும் அலகு 16 பிட் மட்டுமே என்பதால் மேற்சொன்ன வேகத்தில் அரை நொடிக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பிவிடும். முந்தைய மதிப்புக்கும் இப்போதைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுடைய 16 பிட் எண்ணாக எடுத்தால் அதுவும் தொல்லையில்லை. மேல், கீழ் மாஸ்ஃபெட்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கடத்தி சப்ளையை ஷார்ட் செய்யாதபடி இடையில் விட வேண்டிய டெட் டைமையும் டைமர் 1 தானே இட்டுத் தரும்: 72 மெகாஹெர்ட்ஸில் அதற்கான புலத்தில் 36 என்று எழுதினால் 500 நானோ நொடி. (இந்தப் போர்டின் பெயரில் போலிச் சிப்களும் உலவுகின்றன, எனக்கு வந்த ஒன்றை, நிரலின் பிழை தேடும் கருவியான டீபக்கர் அடையாளம் காணவே மறுத்தது.)

என் பெரிய தவறும் இந்தச் சிப்பில்தான் நடந்தது. பிரஷ்லெஸ் மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும்போதே, ஒரு மாறியின் மதிப்பைப் பார்க்கலாமே என்று டீபக்கரில் பிரேக்பாயின்ட் (நிரலை இடையில் நிறுத்தும் புள்ளி) வைத்தேன். நின்றது புரொசஸர் மட்டும், டைமர் நிற்கவில்லை. மின்சாரத்தை அடுத்த சுருளுக்கு மாற்ற ஆளில்லாததால் ஒரே சுருளில் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போக, நான் திரையைப் படித்து முடிப்பதற்குள் மாஸ்ஃபெட் ஒன்றிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. புரொசஸர் நிற்கும்போது டைமரையும் நிறுத்தச் சொல்லும் பிட் ஒன்று அதே சிப்பில் இருப்பதை மறுநாள்தான் படித்தேன்.

ஈ.எஸ்.பி. 32 சிப்பை ரோபோவில் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். மோட்டாருக்கென்றே தனி பி.டபிள்யூ.எம். அலகுகளும் துடிப்பு எண்ணிகளும் அதில் உண்டு; கைப்பேசியிலிருந்து வைஃபை வழியாகப் பி.ஐ.டி. மதிப்புகளைத் திருத்தும் வசதிக்குப் பழகியவர்கள் அதை எளிதில் விடமாட்டார்கள். ஆனால் அந்த மதிப்புகளை நிரந்தர நினைவகமான ஃபிளாஷில் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ரோபோ ஒரு கணம் தள்ளாடியது. ஃபிளாஷை அழித்து எழுதும்போது இரு கோர்களுக்கும் ஃபிளாஷிலிருந்து நிரலைப் படித்துத் தரும் கேஷ் அணைக்கப்படுவதால், உள் ரேமில் வைக்கப்படாத நிரல் அத்தனையும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் ரோபோவுக்குச் சில பத்து மில்லி நொடிகளே பெரிய இடைவெளி. ரோபோவைப் படுக்க வைத்துவிட்டுச் சேமிப்பது என்று முடிவு செய்தேன். 12ஆம் எண் பின்னில் புல் அப் ரெசிஸ்டர் (பின்னை உயர் மின்னழுத்த நிலையில் வைப்பது) வைத்தால் பெரும்பாலான போர்டுகள் பூட்டே ஆகாது என்பதையும் வரைபடம் போடும் முன்பே நினைவில் கொள்வது நல்லது. அனலாக் உள்ளீடு நேர்கோட்டில் இல்லை. மின்னோட்டத்தை அதை நம்பி அளப்பதை விட்டுவிட்டேன்.

கேமரா தண்டவாளத்தில் இருப்பது ஆர்.பி. 2040 சிப். பின்களைத் தனியாகக் கவனிக்கும் அதன் பி.ஐ.ஓ. அலகு ஒன்றே நான்கு என்கோடர்களைப் புரொசஸருக்குத் தெரியாமலே எண்ணிவிடும். அந்த வேலைக்கு வேறு எதையும் தேட எனக்குத் தோன்றவில்லை; கோளாறு காரணமாக மின்னோட்டத்தை உடனே துண்டிக்கும் தனி உள்ளீடு பி.டபிள்யூ.எம். அலகில் இல்லை என்பதால் பெரிய மோட்டார்களுக்கு மட்டும் தயங்குகிறேன்.

இப்போது பிரஷ்லெஸ் போர்டில் எஸ்.டி.எம். 32ஜி 431 இருக்கிறது. 170 மெகாஹெர்ட்ஸும் தசமக் கணக்குக்கான மிதவைப்புள்ளி அலகும் இருக்கட்டும். என்னைக் கவர்ந்தது உள்ளேயே இருக்கும் கம்பேரேட்டர்களை (இரு மின்னழுத்தங்களை ஒப்பிடுபவை), வெளியீட்டை உடனே துண்டிக்கும் டைமரின் பிரேக் உள்ளீட்டோடு சிப்புக்குள்ளேயே இணைக்க முடிவதுதான். மின்னோட்ட வரம்பைக் குறைவாக வைத்து, தண்டைக் கிளாம்பில் இறுக்கிப் பிடித்துச் சோதித்தபோது, வரம்பைத் தாண்டிய அந்தச் சுழற்சியிலேயே மாஸ்ஃபெட்களை இயக்கும் ஆறு கேட் சிக்னல்களும் கீழே விழுவதை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். என் நிரல் அதைப் பற்றித் தெரிவித்தது அதற்குப் பிறகுதான்.