கனடா ஸ்பொன்சர் போட்டுத் தாறம் எண்டு ஆறரை இலட்சம் சுருட்டினவங்கள்: வன்னிச் சனம் கவனம்

வவுனியா டவுனில இருக்கிற ஒரு விசா ஆலோசனை நிலையம். பொலிசில முறைப்பாடு குடுத்திருக்கிறதால பெயர் போடேல்லை. கனடாப் பிரஜையைக் கலியாணம் கட்டின எங்கட வீட்டுப் பிள்ளையின்ர ஸ்பொன்சருக்கு எண்டு ஆறரை இலட்சம் ரூபா வாங்கிப்போட்டு, விண்ணப்பமே போடேல்லை!

நம்ப வைச்ச விதத்தைக் கேளுங்கோ. பிறப்புச் சான்றிதழில தகப்பன்ர பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில வேற மாதிரி. அங்க இருந்த ஆலோசகர் ரெண்டையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வைச்சு, பிழைச்ச எழுத்தைப் பென்சிலால சுழிச்சு, "இப்பிடியே அனுப்பினா றிஜெக்ட் தங்கச்சி, நல்ல காலம் எங்களிட்ட வந்தியள்" எண்டார். 2009இல பத்திரம் துலைச்ச சனத்துக்கு இந்தப் பயம் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கு. அதைத்தான் பிடிக்கிறாங்கள். எழுத்து வித்தியாசத்துக்கு வழமையா வைக்கிறது ஒரு சத்தியக்கடதாசியும் விளக்கக் கடிதமும்தான். அதுக்கு ஆறரை இலட்சமா?

2022 செப்டெம்பரில இருந்து இந்த விண்ணப்பம் ஒன்லைனிலதான். அதுக்கான கணக்கை அந்த ஆலோசகர் தன்ர ஈமெயிலில திறந்தார். அப்ப கடிதம் வந்தாலென்ன, வராட்டியென்ன, எங்களுக்குத் தெரியாது. பிரதிநிதியை நியமிக்கிற ஐஎம்எம் 5476 படிவம் கண்ணிலயே காட்டேல்லை. காசு வாங்கி இந்த வேலை செய்ய, கனடாவில உரிமம் உள்ள சட்டத்தரணி, பராலீகல் எண்ட சட்டத்துணையாளர், கியூபெக் நோட்டரி, பதிவுள்ள குடிவரவு ஆலோசகர் ஆக்களுக்கு மட்டும்தான் அனுமதி. பதிவிலக்கம் கேட்டால், "அது சேரிட்ட இருக்கு." சேரைக் கேட்டால், "கொழும்புக்குப் போட்டார்." பிறகு "எம்பசி லீவு." பிறகு புளூ டிக் மட்டும்.

கடைசியில வட்ஸ்அப்பில ஒரு கடிதப் படம் வந்திச்சு. அதில யுசிஐ, அதாவது கனடாக் குடிவரவு ஆளுக்காள் குடுக்கிற அடையாள எண், ஒன்பது இலக்கத்தில இருந்திச்சு. உண்மையான யுசிஐ எட்டு, இல்லாட்டிப் பத்து. அதோட, உறவு எப்பிடித் தொடங்கினது எண்டு கேக்கிற 5532 படிவத்தில ஆரோ வேற சோடியின்ர கதையை அப்பிடியே ஒட்டி வைச்சிருந்தாங்கள். அது போயிருந்தால் பொய்த்தகவல் எண்டு 5 வருசத் தடை. ஏஜென்சிக்கில்லை, கையெழுத்து வைச்ச பிள்ளைக்கு!

ஆறரை இலட்சத்தைத் திருப்பிக் கேட்டால், "அது ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தர ஏலாது." சிட்டையிலும் "ஆலோசனை" எண்டு மட்டும்தான் எழுதியிருக்கு. மூலப் பிறப்புச் சான்றிதழும் இன்னும் அவங்களிட்ட.

தயவுசெய்து கேளுங்கோ. படிவங்கள் எல்லாம் கனடாக் குடிவரவுத் தளத்தில இலவசம். கணக்கு உங்கட ஈமெயிலில, பாஸ்வேர்ட் உங்கட கையில. அரசாங்கக் கட்டணத்தை ஸ்பொன்சர் பண்ணுறவரே தன்ர கார்டில நேர கட்டட்டும். வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம், மூலப் பத்திரம் ஒருத்தரிட்டயும் குடுக்க வேண்டாம். ஏற்கெனவே காசு குடுத்த ஆக்கள், சிட்டை, வொய்ஸ் மெசேஜ் ஒண்டையும் அழிக்காமல் கொண்டு போய் முறைப்பாடு போடுங்கோ.