சந்தைப் பொருளாதாரம் கற்பிக்க ஆசிரியர் பயிற்சி: காலை அருமை, மதியம் பாதிதான்

சுதந்திரத் தொழில்முனைவுப் பொருளாதாரத்தை வகுப்பில் எப்படி நடத்துவது என்று பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சி இது. போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள், காலையில் நடத்தும் சந்தை விளையாட்டுக்காகவே போகலாம்.

பாதிப் பேர் வாங்குபவர்கள், பாதிப் பேர் விற்பவர்கள். ஆளுக்கொரு அட்டை. அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று வாங்குபவர் அட்டையில் இருக்கும், அடக்கவிலை என்ன என்று விற்பவர் அட்டையில் இருக்கும், யாருக்கும் காட்டக்கூடாது. முதலில் இரண்டிரண்டு பேராக ஒதுங்கி ரகசியமாகப் பேரம் பேசச் சொன்னார்கள். ஒருவர் 30க்கு வாங்கினார், இன்னொருவர் அதே பொருளை 70க்கு வாங்கினார். அடுத்து எல்லார் காதிலும் விழும்படி விலையைக் கூவ வேண்டும், படிந்த பேரம் உடனே பலகையில் ஏறும். சில சுற்றுகளிலேயே விலை 50ஐ ஒட்டி வந்து நின்றது. யாரும் நிர்ணயிக்கவில்லை, அடுத்தவர் அட்டையில் என்ன இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது! தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வெட்டிக்கொள்ளும் படத்தை வருஷக்கணக்காக வரைகிற நமக்கே அது புதிதாகத் தெரிகிறது.

ரகசியப் பேர முறை, ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியர் எட்வர்ட் சேம்பர்லின் மாணவர்களை வைத்து நடத்தி 1948இல் எழுதியது. அங்கே மாணவராக இருந்த வெர்னன் ஸ்மித் 1956இல் தான் பாடம் நடத்திய வகுப்பில் அதை வெளிப்படையாகக் கூவும் ஏலமாக மாற்றி, திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தார். 2002இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு. விதியை மாற்றினால் சந்தையே மாறுகிறது என்பதைப் பயிற்றுநர் நன்றாக விளக்கினார். அப்புறம் 40க்கு மேல் விற்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்ததும், அடக்கவிலை கூடியவர்கள் விலகிக்கொண்டார்கள், வாங்க வந்தவர்களில் பலர் வெறுங்கையோடு நின்றார்கள்.

மதிய அமர்வுதான் ஏமாற்றம். சந்தையின் நன்மைகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு போனார்கள், முற்றுரிமைக்கும் (ஒரே ஆள் சந்தையைப் பிடித்துக்கொள்வது) சூழல் மாசுக்கும் தலா ஒரு வாக்கியம்தான். மாணவர்கள் முதலில் கேட்பதே அதைத்தானே? இதே அட்டைகளை வைத்தே காட்டலாம்: விற்கும் உரிமையை ஒரே ஆளிடம் கொடுங்கள், அல்லது, மாசு சம்பந்தமில்லாதவரைப் பாதிப்பதைக் காட்ட, ஓரமாக உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆளுக்குக் கொஞ்சம் புள்ளிகள் கொடுத்து, ஒவ்வொரு பேரத்துக்கும் அதில் குறையுங்கள். ஒரே தொழில்காரர்கள் கூடினால் விலையை ஏற்றத்தான் திட்டம் போடுவார்கள் என்று 1776இலேயே பொருளியல் முன்னோடி ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார், அதைச் சொன்னால் சந்தைக்கு ஒன்றும் இழுக்கில்லை.

போகிறவர்கள் அட்டைத் தொகுப்போடு, விளையாட்டு முடிந்ததும் மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அடங்கிய தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால்தான் தருகிறார்கள்.