படம் வேண்டாம், குரல் போதும்: விஎல்சியா, ஆடாசிட்டியா, எஃப்எஃப்எம்பெக்கா?

மண்டபம் ஊரில் எங்கள் பெரியப்பாவை வீட்டு வாசலில் உட்கார வைத்து, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் ராத்திரியைப் பற்றிப் பேசச் சொல்லி, மருமகன் போனில் வீடியோ எடுத்துவிட்டான். 40 நிமிடப் பேச்சு, 5 ஜிபி கோப்பு. "மாமா, பாருங்க" என்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். எனக்குக் கண் தெரியாது, கேட்கத்தான் முடியும். அந்த 5 ஜிபியில் குரலின் பங்கு 40 எம்பிதான் இருக்கும். மிச்சமெல்லாம் பெரியப்பாவின் பனியனும் பின்னால் காயும் வலையும்.

குரலை மட்டும் தனியே எடுக்க மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. நான் இங்கே பேசுவது விண்டோஸில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானோடு இலவசமாக ஓடும் மூன்றைப் பற்றி. பொத்தான்களை டேப் விசையால் எட்ட முடிகிறதா என்பது முதல் கேள்வி. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, வேலை முடிந்ததை அது எனக்குச் சொல்கிறதா என்பது. கண் உள்ளவர்கள் இதை யோசிப்பதே இல்லை, திரையை ஒரு தரம் பார்த்தால் தெரிந்துவிடும் அவர்களுக்கு.

பாட்டும் படமும் ஓட்டும் விஎல்சி அநேகமாக எல்லார் கணினியிலும் ஏற்கெனவே இருக்கும். கன்ட்ரோல் ஆர் அடித்தால் கன்வெர்ட் பெட்டி திறக்கும். கோப்பைச் சேர்த்து, அடுத்த பெட்டியில் புரொஃபைல் பட்டியலில் எம்பி3யைத் தேர்ந்து, சேமிக்கும் இடத்தைச் சொல்லி, ஸ்டார்ட். அம்புக்குறியால் பட்டியலில் இறங்கும்போது என்விடிஏ ஒவ்வொன்றாக வாசிக்கும். பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னப் படப் பொத்தான்களைத் தொடாமல் கடந்துவிடலாம், நமக்கு அவை தேவையில்லை. தொல்லை அதற்குப் பிறகுதான். மாற்றம் நடக்கும்போது பாட்டு ஓடும் அதே பட்டை நகரும், முடிந்ததும் பேசாமல் நின்றுவிடும். முடிந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. முதல் தடவை பொறுமையில்லாமல் நானே பாதியில் மூடிவிட்டேன். புயல் கரையைத் தொடும் முன்பே பெரியப்பா நின்றுபோனார்.

இன்னொன்றும் உண்டு. போன் வீடியோவில் ஒலி பெரும்பாலும் ஏஏசி என்ற சுருக்கிய வடிவத்தில் இருக்கும். அதை எம்பி3 ஆக்குவது என்றால் ஒருமுறை சுருக்கியதை விரித்து மறுபடி சுருக்குவது. கொஞ்சம் தரம் போகத்தான் செய்யும். பேச்சுக்குப் பெரிய நஷ்டமில்லை, ஆனால் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டிய குரலை ஏன் கெடுக்க வேண்டும்?

ஆடாசிட்டி வேறு ஜாதி. அது ஒலியை வெட்டி ஒட்டும் பட்டறை. எம்பி4 கோப்பைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டும். திறந்தால் ஒலி முழுவதையும் விரித்து வைத்துக்கொள்ளும். இந்த 40 நிமிடத்துக்கே வட்டில் கிட்டத்தட்ட 900 எம்பி பிடித்தது. குரலை எடுக்க மட்டும் இதைத் திறப்பது, ஒரு கூடை மீனுக்கு விசைப்படகை எடுப்பது மாதிரி. ஆனால் விசைப்பலகை வசதியில் இதை மிஞ்ச ஆளில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது சதுர அடைப்புக்குறியை அடித்தால் தொடக்கம், வலதை அடித்தால் முடிவு. இடையில் இருப்பதை டெலீட் செய்யலாம். கோப்பு ஏறும்போதும் சேமிக்கும்போதும் என்விடிஏயின் பீப் ஒலி சுருதி ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு ஆயிற்று என்று காதுக்கே தெரியும். எங்கள் வீடியோவில் கச்சான் காற்று மைக்கில் புகுந்து உறுமிக்கொண்டிருந்தது. தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரில் 100 ஹெர்ட்ஸ் என்று எண்ணை அடித்துப் போட்டதும் அடி உறுமல் பெருமளவு அடங்கி, குரல் மேலே வந்தது.

சரி, எஃப்எஃப்எம்பெக். ஒலி, படக் கோப்புகளை எழுத்துக் கட்டளையால் மாற்றும் கருவி. பெயரைக் கேட்டே பலர் ஓடுகிறார்கள், கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டுமே என்று. நமக்குக் கறுப்பாக இருந்தால் என்ன, வெளுப்பாக இருந்தால் என்ன? ஐகான் இல்லை, பெயரில்லாத பொத்தான் இல்லை, எல்லாம் எழுத்து. எழுத்தை வாசிக்கத்தானே திரைவாசிப்பான்.

வீடியோ இருக்கும் கோப்புறையில் ஆல்ட் டி அடித்து, சிஎம்டி என்று தட்டி என்டர் கொடுத்தால் கட்டளைச் சாளரம் அங்கேயே திறக்கும். அப்புறம் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியதைக் காதில் விழும்படி சொல்கிறேன்: எஃப்எஃப்எம்பெக், இடைவெளி, ஹைஃபன் ஐ, இடைவெளி, மேற்கோளுக்குள் வீடியோவின் பெயர், இடைவெளி, ஹைஃபன் வி என், இடைவெளி, ஹைஃபன் சி கோலன் ஏ, இடைவெளி, காப்பி, இடைவெளி, புதுப் பெயர். புதுப் பெயரின் கடைசியில் புள்ளி எம் ஃபோர் ஏ. வி என் என்றால் படம் வேண்டாம். காப்பி என்றால் ஒலியை அவிழ்க்காமல் அப்படியே எடு. அதனால் தரம் துளியும் குறையாது, நேரமும் பிடிக்காது. எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பழகாதவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. காப்பி என்று சொல்லிவிட்டுப் பெயரின் முடிவில் எம்பி3 போட்டால், உள்ளே ஏஏசி இருக்கும்போது பிழை காட்டி நின்றுவிடும். வெப்எம் என்ற வேறு வடிவத்து வீடியோ என்றால் எம் ஃபோர் ஏ சரிப்படாது, எம்கேஏ என்று முடித்தால் எந்த ஒலியையும் வாங்கிக்கொள்ளும். அடுத்தது, வேலை நடக்கும்போது நேரம், அளவு, வேகம் என்று வரி வரியாக மாறிக்கொண்டிருக்கும், என்விடிஏ அத்தனையையும் படித்து உயிரை எடுக்கும். கட்டளையில் ஹைஃபன் லாக்லெவல், இடைவெளி, எரர் என்று சேர்த்தால் வாயை மூடிக்கொள்ளும்.

நான் இந்தக் கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில், அதாவது திறந்தால் தானே ஓடும் கட்டளைக் கோப்பில் எழுதி, கோப்பின் மெனுவில் வரும் விண்டோஸின் சென்ட் டூ பட்டியலில் போட்டுவிட்டேன். விண்டோஸ் ஆர் அடித்து, ஷெல் கோலன் சென்ட்டூ என்று தட்டினால் அந்தக் கோப்புறை வரும். கட்டளையில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டு இடத்திலும் மேற்கோளுக்குள் சதவிகிதக் குறி, டில்டே, 1. புதியதில் மட்டும் ஒன்றுக்குப் பின் புள்ளி எம் ஃபோர் ஏ. பேட்ச் கோப்பின் கடைசி வரியில் பாஸ் என்ற ஒரே சொல், ஆங்கிலத்தில் பி ஏ யு எஸ் இ. வேலை முடிந்ததும் ஏதாவது விசையை அழுத்தச் சொல்லி எழுத்து வரும், என்விடிஏ அதை வாசிக்கும். எனக்கு வேண்டிய அந்த ஒரு வார்த்தை அதுதான்.

ஃபூபார்2000 என்ற பாட்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் அதன் கன்வெர்ட் மெனுவிலும் செய்துகொள்ளலாம், எம்பி3க்கு என்கோடர் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். போன் செயலிகள் பக்கம் நான் போவதில்லை. விளம்பரத்தை மூடும் பொத்தானுக்குப் பெயரே வைக்காத செயலியோடு, ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட எனக்குப் பொழுதில்லை.

ஆகவே எடுப்பதற்கு எஃப்எஃப்எம்பெக், செதுக்க ஆடாசிட்டி. விஎல்சியைத் தூக்கிப் போடவும் இல்லை. மச்சானின் வள்ளத்தில் இருக்கும் பென்டிரைவ் ஸ்பீக்கர் எம்பி3 தவிர வேறெதையும் பாடாது. அவன் வீட்டுக் கணினியில் இருப்பது விஎல்சி மட்டுமே. கன்ட்ரோல் ஆர் சொல்லிக் கொடுத்தேன். பட்டை நின்றதா என்று அவனே பார்த்துக்கொள்கிறான்.