டெக்சாஸா, நியூ ஹாம்ப்ஷயரா: கன்சர்வேட்டிவ் ஆளு எங்க நிக்கலாம்?

ரெண்டுமே அமெரிக்க மாநில கீழ்சபை தான், ரெண்டுலயும் பதவிக்காலம் 2 வருஷம் தான், ஆனா கன்சர்வேட்டிவ்களோட (பழமைவாதிகளோட) கட்சியான ரிபப்ளிகன் டிக்கெட்ல நிக்கிறவருக்கு ரெண்டும் வேற வேற உலகம்.

நியூ ஹாம்ப்ஷயர்ல மொத்தம் 400 சீட்டு, ஒரு மெம்பருக்கு சுமார் 3,400 ஜனம் தான் வரும், அதனால பெரிய பணம் இல்லாமலே வீடு வீடா நடந்து போயி கதவ தட்டியே ஜெயிச்சுரலாம். வேட்புமனு கட்டணம் 2 டாலர் (ஆமா, வெறும் 2). சம்பளம் வருஷத்துக்கு 100 டாலர், அதான் சபைல ரிட்டயர் ஆனவங்க நிறைய பேர் இருக்காங்க. அங்க இன்கம் டாக்ஸ், சேல்ஸ் டாக்ஸ் கொண்டுவர விடமாட்டேன்னு உறுதிமொழி குடுக்கிறது கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு கிட்டத்தட்ட கட்டாயச் சடங்கு மாதிரி.

டெக்சாஸ் அப்படி இல்ல. 150 சீட்டு, ஒரு தொகுதிக்கு கிட்டத்தட்ட 1,94,000 பேரு, கட்டணம் 750 டாலர், சம்பளம் மாசம் 600. நிறைய தொகுதில ஒரே கட்சி கை ஓங்கியிருக்கிறதால நவம்பர் எலெக்ஷன் சும்மா பேருக்கு, நிஜமான சண்டை மார்ச் ப்ரைமரில (கட்சி வேட்பாளர தேர்ந்தெடுக்கிற ஓட்டெடுப்புல) தான், அதுலயும் பாதிக்கு மேல ஓட்டு யாருக்கும் வரலன்னா மே மாசம் ரன்ஆஃப், அதாவது முதல் ரெண்டு பேருக்கு நடுவுல மறுபடி ஓட்டு. 2024ல ஸ்கூல் வவுச்சர (தனியார் ஸ்கூல் செலவுக்கு அரசு பணம் குடுக்கிற திட்டத்த) எதிர்த்த சொந்தக் கட்சி எம்எல்ஏக்களயே தோக்கடிக்க கவர்னர் கிரெக் அபாட் நேரா எறங்கி வேலை பாத்தாரு, பல பேரு காலி, அடுத்த வருஷமே வவுச்சர் சட்டமும் ஆயிருச்சு.

புதுசா வர்றவருக்கு நான் சொல்றது நியூ ஹாம்ப்ஷயர் தான், கையில காசும் பின்னால பெரிய ஆளும் இருந்தா மட்டும் டெக்சாஸ் பக்கம் போங்க.