ஹுத்துன்னா நாலா, ஆறா?

இத்தாலில ரோமானியர்களுக்கு முன்னாடி இருந்தவங்க பேசின, இப்ப அழிஞ்சுபோன எட்ரஸ்கன் மொழில ஒண்ணுலேந்து ஆறு வரைக்கும் எண்ணுறதுக்கு நமக்கு பெரிய ஆதாரமே ரெண்டு தந்தத் தாயக்கட்டைதான். இத்தாலில வுல்சில 1848ல கிடைச்சுது, புள்ளிக்கு பதிலா பக்கத்துக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கு: து, ஸல், கி, மக், ஷா, ஹுத். 1964ல இத்தாலில பிர்கிங்கிற இடத்துல கிடைச்ச தங்கத் தகடுல அதே விஷயம் நமக்குப் படிக்கத் தெரிஞ்ச பினீசியன் மொழிலயும் இருந்ததால 'கி'ன்னா மூணுன்னு உறுதி. து ஒண்ணு, ஸல் ரெண்டு, மக் அஞ்சு, இதுலயும் பெருசா சண்டை இல்ல. மிச்சம் ஷா, ஹுத், இதுல எது நாலு எது ஆறுங்கிறதுதான் தலைவலி.

ஹுத் ஆறுன்னு சொல்றவங்க கட்டையவே காட்டுறாங்க. எதிரெதிர் பக்கம் கூட்டினா ஏழு வரணும்ல, மக்குக்கு எதிர்ல ஸல், அஞ்சும் ரெண்டும் ஏழு சரியா வருது, அப்ப துவுக்கு எதிர்ல இருக்கிற ஹுத் ஆறு, கிக்கு எதிர்ல இருக்கிற ஷா நாலு. சிம்பிள்.

ஹுத் நாலுன்னு சொல்றவங்க கட்டைய விட்டு வெளிய போறாங்க. கிரேக்கத்துல அட்டிகால 'நாலு ஊர்'னு அர்த்தம் வர்ற டெட்ராபோலிஸ்க்கு பழைய பேரு ஹுட்டேனியாவாம். இத்தாலில டார்குவினியாங்கிற ஊர்ல ஒரு எட்ரஸ்கன் கல்லறைல நாலு காரூன் (எட்ரஸ்கன்களோட மரண தேவதை) உருவம் வரைஞ்சிருக்கு, அதுல ஒண்ணு பக்கத்துல 'காரூன் ஹுத்ஸ்'னு எழுதியிருக்கு! கட்டையும் இவங்கள முழுசா கைவிடல, ஹுத்த நாலா வெச்சா எதிர்ப் பக்கங்களோட வித்தியாசம் எல்லாம் மூணு மூணா வருது பாருங்க (4-1, 6-3, 5-2).

எனக்கென்னமோ கல்லறைதான் கொஞ்சம் கனமா தெரியுது, ஊர்ப்பேர வெச்சு கணக்கு போடுறது எப்பவுமே ரிஸ்க்.