ஸ்டார்டியூ வேலியா, சகுனாவா: வயலறிந்தவர்களுக்கு ஏற்ற விளையாட்டு எது?

வேளாண்மையை மையமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில், பெருநிறுவனங்களுக்கு வெளியே, தனியாளாலோ சிறு குழுவாலோ உருவாக்கப்பட்டுப் புகழ்பெற்றவை என்று பார்த்தால் இரண்டு முன்னே நிற்கின்றன. ஒன்று, அமெரிக்கரான எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாளாக உழைத்து, ஓவியம், இசை, நிரல், வசனம் அனைத்தையும் தாமே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'. மற்றொன்று, 'எடல்வைஸ்' என்ற சிறிய ஜப்பானியக் குழு உருவாக்கி 2020 நவம்பரில் வெளிவந்த 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின்'. முன்னது 4 கோடிப் பிரதிகளைக் கடந்து விற்றிருக்கிறது; பின்னதை நம் பக்கத்தில் கேள்விப்பட்டவர்களே குறைவு. நாற்று நடுவதையும் மண்டியில் விலை விழுவதையும் பார்த்து வளர்ந்த தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார இளைஞர் ஒருவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்ற கேள்விக்கு, விற்பனை எண்ணிக்கையை வைத்து விடை சொல்லிவிட முடியாது.

ஸ்டார்டியூ வேலியின் பலம் அதன் நாள் கணக்கில் இருக்கிறது. விளையாட்டில் ஒரு நாள் என்பது நமக்கு ஏறத்தாழ 14 நிமிடம். 28 நாள் ஒரு பருவம். நான்கு பருவம் ஓர் ஆண்டு. காலையில் எழுந்து பயிருக்கு நீர் ஊற்றி, ஊராரிடம் பேசி, மீன் பிடித்து, உறங்கப் போவதற்குள் மறுநாளுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கும்படி பரோன் அமைத்திருப்பதால், எழுந்து போக மனம் வருவதில்லை. பழகுவதற்கு இவ்வளவு எளிதாகவும், பழகிய பின்னும் அலுக்காமலும் இருக்கும் விளையாட்டுகள் மிகச் சிலவே.

ஆனால் அதன் சந்தையை நம் பக்கத்து விவசாயி யாரும் நம்பமாட்டார். வீட்டருகே இருக்கும் பெட்டியில் விளைச்சலைப் போட்டுவிட்டால் மறுநாள் காலை பணம் வந்துவிடுகிறது. பத்துத் தக்காளி போட்டாலும் ஆயிரம் தக்காளி போட்டாலும் ஒரு தக்காளியின் அடிப்படை விலை, விளையாட்டின் நாணயமான பொன்னில், 60-இலிருந்து இறங்குவதே இல்லை. வரத்து கூடியதும் விலை சரிந்து, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் நிலையை பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் பார்த்தவர்களுக்கு, இந்த விலை உறுதி இனிப்பாக இருக்கும், உண்மையாக இருக்காது. 2020 இறுதியில் வந்த 1.5 பதிப்பில் மாமரமும் சேர்க்கப்பட்டது. அதன் கன்று 28 நாளில் காய்ப்புக்கு வந்து, உரிய பருவத்தில் நாளுக்கொரு பழம் தருகிறது. ஒட்டுக்கன்று நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பின்பு பெங்களூரா ரகத்தைக் கூழ் ஆலைக்கு என்ன விலைக்கு எடுப்பார்களோ என்று கவலைப்படும் கிருஷ்ணகிரித் தோட்டக்காரருக்கு அது கனவு மரம்.

சகுனாவின் வயல் முற்றிலும் வேறு. அதில் ஒரே பயிர், நெல். கதைத்தலைவி, பேய்கள் திரியும் தீவுக்கு அனுப்பப்பட்ட செல்லம் மிகுந்த அறுவடைத் தெய்வம்; அவள் கையால் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தொடக்கத்தில் நாமே செய்தாக வேண்டும். மண்ணைக் கொத்துதல், கரைசலில் விதைநெல்லைப் போட்டு மிதப்பதை ஒதுக்குதல், நாற்றை இடைவெளி பார்த்து ஊன்றுதல், வயலில் நிற்கும் நீரின் ஆழத்தை அளந்து வைத்தல், களையெடுத்தல், அறுத்த கதிரைக் காயவைத்து அடித்தல், உரலில் குத்துதல் என எதையும் ஒரே பொத்தானில் முடித்துவிட முடியாது. அவள் நாற்று நடும்போது பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுகிறாள், கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை வாய்க்கால் பாயும் வயல்களில் நம் பெண்கள் நடுவதும் அப்படித்தான். நாற்றை நெருக்கி நட்டாலோ, நீரைக் கூடுதலாகத் தேக்கினாலோ, அதன் விளைவு அறுவடையில் நெல்லின் தரமாகவும் அளவாகவும் வந்து நிற்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட வேண்டும் என்று நம்மவர்கள் சொல்வதன் பொருளை, வயலில் இறங்காத பிள்ளைகளுக்குக்கூட இது உணர்த்திவிடும். ஜப்பானில் இதை விளையாடியவர்கள், நல்ல விளைச்சலுக்கு வழி தேடி அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தையே புரட்டினார்கள்.

தொடக்கத்தில் கதிர் உதிர்க்க இரண்டு குச்சிகளே கிடைக்கும். கதிரை அவற்றுக்கிடையே வைத்து இழுத்து இழுத்து உதிர்க்கும் அந்த வேலை சலிப்பூட்டுகிறது என்று குறை கூறுவோர் உண்டு. அந்தச் சலிப்பு தேவையானது என்பது என் உறுதியான கருத்து. பின்னர் சீப்புப் போன்ற பல்வரிசை கொண்ட கருவி கைக்கு வரும்போது, ஒரு கருவி உழவர் வாழ்வில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது உடம்பிலேயே உறைக்கிறது. ஸ்டார்டியூ வேலியில் தானாகவே பயிருக்கு நீர் விடும் தெளிப்பான் கிடைக்கும்போதும் இதே மகிழ்ச்சி உண்டு, ஆனால் இவ்வளவு ஆழமாக இல்லை.

சகுனாவின் பாதி நேரம் சண்டையில் கழிகிறது என்பதை மறைக்கக் கூடாது. விளைந்த நெல்லின் தரமே தெய்வத்தின் வலிமையாக மாறுவதால் வயலும் சண்டையும் பிணைந்திருக்கின்றன என்றாலும், விரல் வேகம் இல்லாதவர்களுக்கு அந்தப் பகுதி சுமைதான். முப்பரிமாணக் காட்சிகள் என்பதால் அதற்கு ஓரளவு நல்ல கணினியும் வேண்டும். ஸ்டார்டியூ வேலியோ 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடிவிடும். கைபேசிப் பதிப்பும் உண்டு. கணினியில் அது உறங்கப் போகும்போது மட்டுமே சேமிக்கும், ஆகவே யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் ஆடுபவர், மின்சாரம் போனால் அந்நாளின் உழைப்பை இழப்பார். இரண்டிலும் தமிழ் இல்லை என்பது பெருங்குறை; வசனம் மிகுந்த சகுனாவில் அது கூடுதலாகவே தெரியும்.

வேலை முடிந்து அரை மணி நேரம் மனம் இளைப்பாறினால் போதும் என்பவர் ஸ்டார்டியூ வேலியைத் தயங்காமல் வாங்கலாம். வேளாண்மையைப் பற்றிய விளையாட்டு எது என்று கேட்டால் நான் சகுனாவைத்தான் சொல்வேன். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்குபவர்கள், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்தில் ஸ்டார்டியூ வேலியில் எட்டு நாள் வாழ்ந்து, முதல் கிழங்கையும் பிடுங்கிவிடலாம். சகுனாவின் அறிமுகக் காட்சிகள் நீளமானவை என்பதால் அந்த 2 மணி நேரத்தை மட்டும் வைத்து அதன் வயலை எடைபோட வேண்டாம். அதை வாங்குபவர் முதல் அறுவடை வரையேனும் ஆடிப் பார்க்க வேண்டும்.